மூன்று மருந்து குடித்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஐந்து வைரஸ் பிடித்திருக்கிறது என்ற சேதி வந்தபோது நான் அவித்த கடலை தின்றுகொண்டிருந்தேன். மே மாதத்து மத்தியானம். பந்தலில் திராட்சை அறுப்பு முடிந்து கொடிக்கும் ஓய்வு, எனக்கும் ஓய்வு. திரையின் வலது மூலையிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டி மெல்ல ஏறி வந்து நின்றது. உங்கள் கோப்புகள் அழியப்போகின்றன, உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கூடவே ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு சத்தம்.

நான் ராயப்பன்பட்டிப் பக்கம் இருபது வருடமாகப் பன்னீர் திராட்சை போடுகிறவன். ஆலங்கட்டி மழை பார்த்திருக்கிறேன். பழுக்கிற நேரத்தில் பிடித்துக்கொண்ட அடைமழை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பந்தலுக்குள் காட்டுப்பன்றியும் நானும் நேருக்கு நேர் நின்று, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடியிருக்கிறோம். நல்லவேளை, வேறு வேறு திசையில். அப்போதுகூட எனக்கு இவ்வளவு வேர்க்கவில்லை.

முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். அடுத்து இணையப் பெட்டியின் பிளக். வைரஸ் ஒயர் வழியாக எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். அதை மறுபடி மாட்ட மறந்துபோனது சாயங்காலம் பால் திரிந்தபோதுதான் தெரிந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் என்னுடையது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த வாரம் எந்த மருந்து அடித்தேன் என்ற ஒரு பட்டியல், பிள்ளைகள் சின்ன வயதில் எடுத்த படங்கள், ஒரு சீட்டாட்டம். என்னுடையது மட்டும் போவதாக இருந்தால் பெருமூச்சு விட்டுவிட்டு மிச்சக் கடலையைத் தின்றிருப்பேன். நான் பயந்தது என் மனைவியின் குரலுக்காக.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. போன வருடம் தேனியில் நடந்த ஒரு பரீட்சைக்கு, கண் தெரியாத ஒருத்திக்குப் பதிலாக விடை எழுதிக் கொடுக்கும் வேலைக்கு அவளை அனுப்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வருசநாட்டுக்காரி, தேனியில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறவள். அந்தத் தடவை தேறவில்லை. புத்தகம் பாதிதான் படித்திருந்தாள். அவளுடைய கம்ப்யூட்டர் எழுத்தை வாசித்துக் காட்டும்தான், ஆனால் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த நோட்டுகளை அதற்கு வாசிக்கத் தெரியாது. "சரி, நான் வாசிச்சு அனுப்புறேன்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நேரம் கிடைக்கிற நாளெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பு. மொத்தம் நாற்பது பாடம். இருபத்தொன்றை அனுப்பியாயிற்று. பத்து கம்ப்யூட்டருக்குள் இருந்தது. இருமல், செருமல், தெருவில் போன மீன்காரன் குரல் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருந்தாள். ஒன்பது பாடம் இன்னும் வாசிக்கவே இல்லை. பரீட்சை வருகிற ஞாயிற்றுக்கிழமை. சிவப்புப் பெட்டி வந்தது திங்கள்கிழமை.

மனைவி கடைவீதிக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் வீரனாக இருந்து காரியத்தை முடித்துவிடலாம் என்று, பெட்டியில் பார்த்த எண்ணைக் கூப்பிட்டேன். பயத்திலும் அந்த எண்ணை மட்டும் ஒரு பொத்தானில்கூடப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன். ஒருவர் எடுத்து ஆங்கிலத்தில் பேசினார். நானும் ஆங்கிலத்தில் பேசினேன். அவர் ஏதோ ஒன்றை இறக்கிக்கொள்ளச் சொன்னார். எதை என்று கேட்டேன். மறுபடி சொன்னார். மறுபடி கேட்டேன். ஐந்து நிமிடம் இப்படியே போயிற்று. கடைசியில் அவர் பெருமூச்சு விட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். அவர் யார், எதற்காக அவ்வளவு அன்பாகப் பேசினார் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டின் முதல் ஃபயர்வால் என்னுடைய ஆங்கிலம்தான்.

எங்கள் பக்கத்துத் திராட்சைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொடியில் நோய் கண்டால் சீக்குப் பிடித்த இலை ஒன்றைக் கிள்ளிப் பாலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவோம். கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்து ஒரு புட்டியைத் தருவார். வழியில் ஒருவர் அந்தப் புட்டியைப் பார்த்து, "இதுவா, இதுக்குக் கேக்காது, நான் அடிச்சதை அடி" என்பார். இன்னொருவர் குமுளியிலிருந்து போனில் மூன்றாவது ஒன்றைச் சொல்வார். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் மூன்றையும் வாங்கி ஒரே டேங்கில் கலந்து அடித்துவிட்டு வருவோம். நோய் போனால் மூன்று பேரும் தங்களால்தான் போனது என்பார்கள். கொடி போனால் மழையால் போனது என்பார்கள். இருபது வருடமாக நான் விவசாயம் செய்வது இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் தேனிக்குப் பஸ் ஏறினேன். கம்ப்யூட்டரையும் இணையப் பெட்டியையும் ஒரு நிமிடம் மட்டும் உயிர்ப்பித்து, சிவப்புப் பெட்டி தலைகாட்டியதும் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதுதான் என் இலை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் நீட்டினேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது எத்தனை நாளா இருக்கு?"

"நேத்துத்தான் கண்டுச்சு."

"நெட்டுல கண்ட எடத்துக்குப் போனீகளோ?"

"அப்படியெல்லாம் போற ஆளு நான் இல்லைங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாக" என்றார். "இந்த ஆன்டிவைரஸைப் போடுங்க. முப்பது நாள் சும்மா ஓட்டிப் பாருங்க. புடிச்சா வந்து சொல்லுங்க, பெறகு மத்ததப் பேசலாம்." ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு மருந்துதான் கொடுத்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மற்றது எல்லாம் என் கைங்கரியம்.

ஊரில் இறங்கியதும் பக்கத்துத் தோட்டக்காரர் எதிரே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "அதெல்லாம் சும்மா பேருக்குப் புடிக்கும். எம்மருமகன் ஒண்ணு வச்சிருக்கான். பெரிய கம்பெனி சரக்கு. பூட்டை ஒடைச்சு எடுத்தது, ஆயுசுக்கும் ஓடும். வாங்க, ஏத்தித் தர்றேன்." அதையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குமுளியில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் சகலைக்குப் போன் போட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கமே வாழ்ந்து அவர் தமிழ் பாதி மலையாளம் ஆகிவிட்டது. "ரெண்டு போட்டாலும் போராது, கேட்டோ. ஃபயர்வால் வேணும். உள்ள வர்றவனையும் பாக்கணும், வெளிய போறவனையும் பாக்கணும். நான் ஒண்ணு அனுப்புறேன்" என்று ஒரு இணைப்பை அனுப்பினார். அதிலேயே ஆன்டிவைரஸும் சேர்ந்து இருந்தது.

மூன்று மருந்தும் கைக்கு வந்தன. பிறகென்ன, டேங்க் காலியாகத்தானே இருக்கிறது.

புதன்கிழமை காலையில் பிளக்குகளை மறுபடி மாட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றினேன். இரண்டாவதை ஏற்றும்போதே முதலாவது முணுமுணுத்தது, அதை மௌனமாக்கினேன். மூன்றாவதை ஏற்றியதும் கம்ப்யூட்டருக்குள் இருந்த விசிறி, மருந்து அடிக்கிற விசைப்பம்பு மாதிரி இரைந்தது. உள்ளே பலமாக வேலை நடக்கிறது என்று எனக்குத் திருப்தி. மேல்மாடத்தில் இருந்த தீர்த்தப் புட்டியையும் கொஞ்சம் பார்த்தேன். போன வருடம் டிராக்டர் வாங்கியபோது சர்ச்சிலிருந்து பங்குச்சாமி வந்து மந்திரித்துவிட்டுப் போன தீர்த்தத்தின் மிச்சம். கரண்டுச் சாமானில் தண்ணீர் தெளித்தால் சாமியே கோபித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஃபயர்வால் கேள்வி கேட்க ஆரம்பித்தது. இன்ன நிரல் வெளியே போகக் கேட்கிறது, விடலாமா, தடுக்கலாமா? பெயரைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. எழுத்தும் எண்ணும் கலந்த, முகவரி தெரியாத ஆள்கள். தோட்டத்து வாசலில் முன்பின் தெரியாதவன் வந்து நின்றால் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். தடு. அடுத்தது வந்தது. தடு. ஒரு கட்டத்தில் கேள்வி முழுவதும் வருவதற்கு முன்பே தடுத்துக்கொண்டிருந்தேன். கோப்புகள் இருக்கும் இடத்தில் புதிதாக யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிடலாமா என்று ஒரு மருந்து கேட்டது. அதற்கு மட்டும் மகிழ்ச்சியாக ஆமாம் என்றேன். மனைவியின் பத்துப் பாடங்களும் அங்கே பத்திரமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டேன். அதிகாரம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் ருசித்தேன். என் வீட்டில் யாரும் என்னிடம் அனுமதி கேட்பதில்லை.

மத்தியானம் மனைவி வாசிக்க உட்கார்ந்தாள். மூன்று பாடம், மூன்று மணி நேரம். நான் வெளியே காவல் இருந்தேன். தெருவில் கோழியைக்கூடக் கொக்கரிக்க விடவில்லை. ஒவ்வொரு பாடம் முடியும்போதும் உள்ளே இருந்து குரல் வந்தது.

"என்னங்க, இங்கன ஏதோ ஒரு பொட்டி வந்து நிக்குது."

"என்ன கேக்குது?"

"இங்கிலீசுல இருக்கு. சேமிக்க முடியலையோ என்னமோ."

"அதெல்லாம் வைரஸோட தந்திரம். தடுன்னு அமுக்கு."

அவள் அமுக்கினாள். அவள் என் பேச்சைக் கேட்ட அரிய நாள்களில் அது ஒன்று.

சாயங்காலம் அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தொண்டை கட்டிப்போய் குரல் கரகரத்தது. "நான் வாசிச்சது எங்கங்க?"

போய்ப் பார்த்தேன். பழைய பத்துப் பாடமும் இருந்தன. அன்றைக்கு வாசித்த மூன்றும் இல்லை. ஒரு சொல்கூட இல்லை. சரி, இருக்கிற பத்தையாவது அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், அனுப்புகிற வழியையும் நான் அடைத்திருந்தேன். வாசிப்பைப் பதிவு செய்யும் நிரலையே மூன்றில் ஏதோ ஒரு மருந்து வைரஸ் என்று பிடித்து உள்ளே போட்டிருந்தது. எதையாவது தொட்டால் திரை நகரவே இரண்டு நிமிடம் ஆயிற்று.

அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். "வியாழன், வெள்ளி, சனி. ஒம்பது பாடம். அவ கேட்டுப் படிக்கவும் நேரம் வேணும்." பிறகு சொன்னாள்: "போன தடவை பாதிக் கேள்விக்கு அவ ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருந்தா. நான் பேனாவை வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாதுங்க."

எனக்குச் சட்டென்று ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

வேறு வழியில்லாமல், வியாழக்கிழமை காலையில் அவளே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். என் மனைவியை அவள் அக்கா என்பாள். அந்த முறைக்கு நான் மச்சான். கேலி பண்ணுவதற்கு உரிமை உள்ள முறை. மறுமுனையில் அவள் சிரிப்பது கேட்டது.

"அக்கா, போனை மச்சான்கிட்டக் குடுங்க. ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வைங்க."

வைத்தேன்.

"மச்சான், எத்தனை ஆன்டிவைரஸ் போட்டீக?"

"மூணு."

"திராட்சைக்கு மருந்து கலக்கும்போது ஒண்ணோட ஒண்ணு சேருமான்னு ஒரு கிளாஸ்ல ஊத்திப் பாப்பீகளா மாட்டீகளா?"

"பாக்கணும்" என்றேன். பார்க்கணும் என்பதற்கும் பார்த்தேன் என்பதற்கும் உள்ள தூரத்தை அவள் கவனித்துவிட்டாள்.

"அதே கததான். ஒவ்வொண்ணும் மத்த ரெண்டையும் திருடன்னு நெனைக்குது. உங்க கம்ப்யூட்டருக்கு வைரஸ் இருக்கோ இல்லையோ, உள்ள மூணு போலீசு அடிச்சுக்கிட்டுக் கெடக்காக. மொதல்ல அந்தச் செவப்புப் பொட்டி விஷயம். அது வரும்போது கீழ சின்ன எழுத்துல ஒரு வெப்சைட்டு பேரு இருக்கும், வாசிங்க."

போனில் பிடித்து வைத்த படத்தைப் பெரிதாக்கினேன். நான் இத்தனை நாள் பார்க்காத ஒரு மூலையில், எறும்பு மாதிரி ஒரு வரி. வாசித்தேன். வாசிக்கும்போதே காது சூடாகிவிட்டது.

"அங்க எதுக்குப் போனீக?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. "பந்தலுக்குள்ள காட்டுப்பன்னி வருதுன்னு, புலி உறுமுற சத்தம் தேடினேன். ஒலிபெருக்கியில போட்டா பன்னி ஓடிருமாம். அந்த சைட்டுல ஓசியாத் தர்றதாப் போட்டிருந்துச்சு."

"தந்தாகளா?"

"இல்ல. அனுமதின்னு ஒரு பொத்தானை அமுக்கினாத்தான் தருவேன்னுச்சு."

"அமுக்குனீக."

"அமுக்கினேன்."

"சரியாப் போச்சு. புலிச் சத்தம் தேடிப் போயி பன்னிய வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துருக்கீக. மச்சான், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸே இல்ல. அந்த சைட்டு உங்க வாசல்ல நின்னு கூவுறதுக்கு நீங்களே அனுமதி குடுத்திருக்கீக. அது விளம்பரம். அந்த நம்பரைக் கூப்பிட்டாத்தான் வெனை."

நான் கூப்பிட்ட கதையை அப்போது சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மனிதன் இவ்வளவு அவமானம்தான் தாங்குவான்.

எண்ணிப் பார்த்தேன். மூன்று நாளில் நல்லவர்கள் அத்தனை பேரையும் வாசலில் நிறுத்தித் தடுத்திருக்கிறேன். அனுமதி என்று நான் மனமுவந்து அமுக்கியது ஒரே ஒரு ஆளுக்கு, அவன் ஏமாற்றுக்காரன்.

"எனக்கு மட்டும் ஏன்டியம்மா அது தெரியல?" என்றேன்.

"கண்ணு தெரியிறவுக அந்தச் செவப்பையும் மின்னுறதையும் பார்த்தே பாதி செத்துருவாக. என் கம்ப்யூட்டரு எனக்கு வாசிச்சுத்தான் காட்டும். எழுத்து செவப்பா கறுப்பா, பெருசா சின்னதான்னு அதுக்குக் கவலை இல்ல. அழியப்போகுதுங்கிறதையும் சரி, இன்ன சைட்டுங்கிறதையும் சரி, ஒரே கொரலுல சொல்லும். அதனால நான் கடைசி வரி வரைக்கும் கேப்பேன். சரி, மவுச விட்டுக் கையை எடுங்க."

"மவுசு இல்லாம எப்படி?"

"நான் எப்படிச் செய்றேன்?"

கையை எடுத்தேன். அதன்பிறகு நடந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். அவள் தேனி விடுதியில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டுத் திரையைக் காதால் நடத்தினாள். விண்டோஸ் படம் போட்ட பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கு; வருகிற கட்டத்தில் ஏ, இரண்டு பி, டபிள்யூ, ஐ, இசட், ஒரு புள்ளி, சி, பி, எல். என்டர். நிரல்களின் பட்டியல் வந்து நின்றது. அம்புக்குறியால் இறங்கி ஒவ்வொரு பெயராக நான் வாசிக்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும். நடுவில் நான் அவசரப்பட்டு வேறெதையோ தட்டினால், பொத்தான் சத்தத்தை வைத்தே, "ஒரு தட்டு கூட விழுந்துருச்சே மச்சான்" என்றாள்.

முதலில் தூக்கச் சொன்னது பக்கத்துத் தோட்டக்காரர் கொடுத்ததை. "பூட்டை ஒடைச்சவன் உள்ள எதை வச்சு அனுப்புனான்னு யாருக்குத் தெரியும்? நெசமா வைரஸ் வர்றதா இருந்தா இந்த வழியாத்தான் வரும்." அடுத்தது சகலையுடையது. ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒவ்வொரு தடவையும் அணைத்து எழுப்பினோம். அணைந்து எழ எடுக்கும் நேரத்தில் அவளும் என் மனைவியும் விடுதிச் சாம்பாரைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாவதாகத் தேனிக் கடைக்காரருடையதற்கு வந்தோம்.

"இதை வச்சுக்கலாமே, நல்ல மனுசன் குடுத்தாரு" என்றேன்.

"வச்சுக்கலாம். தப்பு இல்ல. ஆனா விண்டோஸோட கூடவே ஒரு காவல் வருது, ஃபயர்வாலும் சேர்த்து. நீங்க மூணை ஏத்தவும் அது ஒதுங்கிப் போய் நின்னுக்கிச்சு. வீட்டுக்கு அது போதும், அப்பப்ப அப்டேட்டு கேக்கும்போது போட்டுட்டா. ஏதாவது ஒண்ணு போதும் மச்சான். எதை வச்சா அக்கா வேலைக்குக் குறுக்க நிக்காதோ அதை வைங்க."

கடைக்காரர் மருந்தும் போனது. கூடவே வந்த காவல் மறுபடி வாசலுக்கு வந்து நின்றது. பச்சை நிறத்தில் ஒரு சின்ன அடையாளம், சத்தமில்லாமல். பென்டிரைவில் பக்கத்துத் தோட்டக்காரர் கொடுத்தது ஏதாவது வால் விட்டுவிட்டுப் போயிருக்கிறதா என்று முழுசாக ஒரு சோதனை ஓடவிடச் சொன்னாள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தேன். பிரசவ அறைக்கு வெளியேகூட நான் இவ்வளவு நடக்கவில்லை என்று மனைவி சொன்னாள். ஒன்றும் இல்லை என்று வந்தது.

கூவுகிறவனுக்குக் கொடுத்த அனுமதியை உலாவிக்குள் போய் எடுத்தோம். அதற்கு ஒரே ஒரு பொத்தான். ஐந்து வைரஸும் அந்த ஒரு பொத்தானில் போயின. பதிவு செய்யும் நிரலை அதற்குரிய இடத்திலிருந்து புதிதாக இறக்கி வைத்தோம். நான் போட்ட பூட்டு, பூட்டிய மருந்தோடு போய்விட்டிருந்தது. மனைவி 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று மைக்கில் எண்ணி, சேமித்து, திரும்பப் போட்டுக் கேட்டாள். அவள் குரல் வந்தது. அந்தக் கரகரத்த மூன்று எண்களைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

"பத்துப் பாடத்தையும் இப்பவே அனுப்புங்கக்கா. இருமலை வெட்ட வேணாம். ஒரு காப்பியைத் தனியா வேற ஒண்ணுல போட்டு, கம்ப்யூட்டரை விட்டுக் கழட்டி வைங்க. மச்சான் இன்னொரு நாளு புலி தேடிப் போவாக" என்றாள்.

அன்று மாலை நான் தேனிக்கு மறுபடி போய், கடைக்காரரிடம் ஆன்டிவைரஸை எடுத்துவிட்ட விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. "மூணு போட்டீகளா" என்று மட்டும் கேட்டு, உள்ளே இருந்த ஆளிடம், "ஏலே, இங்கன வந்து இவுகளப் பாரு" என்றார். காப்பி வைப்பதற்கு ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க் எடுத்துக் கொடுத்தார். அது இன்று பீரோவில் என் மனைவியின் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

மிச்சம் ஒன்பது பாடம். தொண்டை கட்டியவள் வெந்நீரைக் குடித்துக் குடித்து வியாழன் மாலைக்குள் மூன்று வாசித்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழாவதை முடித்ததும் குரல் முழுசாக நின்றுவிட்டது. காற்று மட்டும் வந்தது. இரண்டு பாடம் பாக்கி. அவள் நோட்டை என் பக்கம் தள்ளினாள். கையால் காட்டினாள்: வாசி.

குழந்தைகள் எப்படிக் கற்கின்றன என்பது பாடம். எனக்குத் தெரிந்த வாசிப்பு, கோயிலில் திருப்பலியில் வாசகம் வாசிப்பது மட்டும். அந்த இராகத்திலேயே ஆரம்பித்தேன். மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, நான் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மறுபடி சொல்ல வேண்டும் என்று ஒரு குச்சியால் தட்டிக் காட்டினாள். ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் இரண்டு தட்டு. இரண்டு பாடம் முடிக்க நான்கு மணி நேரம். முடிந்தபோது எனக்கே குழந்தை மனசு பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தது. சேமிக்கும்போது ஒரு பெட்டி வந்தது. நான் கை நீட்டுவதற்குள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு என்னை வாசிக்க வைத்தாள். என்ன பெயரில் சேமிக்க வேண்டும் என்றுதான் கேட்டது, பாவம்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் நாற்பதாவது பாடம் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை காலையில் போன்.

"மச்சான், நான் எப்பவும் ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டித்தான் கேப்பேன். அக்கா குரலு அப்பயும் நல்லாருக்கும். நீங்க அணில் மாதிரி இருக்கீக."

"பாடம் புரிஞ்சுச்சா?"

"புரிஞ்சுச்சு. ஒரே ஒரு சந்தேகம். முப்பத்தொம்பதாம் பாடத்துல நடுவுல 'ஏலே, அந்த ஆட்டைப் புடி'ன்னு வருது. அது பரீட்சைக்கு வருமா?"

அன்றைக்கு வாசித்துக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தபோது ஆடு மனைவியின் செம்பருத்தியில் வாய் வைத்திருந்தது. நான் என்ன செய்வேன். வராது என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்விட்டு அப்படியே தேனிக்குப் பஸ் ஏறினோம். தெரிந்தவர்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று இந்தத் தடவை வேறு ஓர் ஆசிரியையைப் போட்டிருந்தார்கள். நாங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மனைவிக்கு இன்னும் குரல் திரும்பவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு பேரும் இப்படி ஒரே நேரத்தில் வாய்மூடி இருப்பது இருபத்தைந்து வருடத்தில் இதுதான் முதல் தடவை.

மணி அடித்துக் கூட்டம் வெளியே வந்தது. கடைசியில் அவள் வந்தாள், ஒரு கையில் கம்பு, இன்னொரு கை எழுதிக் கொடுத்த ஆசிரியையின் தோளில். என் மனைவி எழுந்து போய் அவள் கையைத் தொட்டாள். தொட்டதுமே யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, போன தடவை பாதிக் கேள்விய விட்டுட்டு வந்தேன். இன்னிக்கு ஒண்ணையும் விடல. தப்பா சரியா தெரியாது. ஆனா எல்லாத்துக்கும் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு."

கூட வந்த ஆசிரியை சிரித்துக்கொண்டே, "எனக்குத்தான் கை வலிக்குது, மூச்சு விட விடல" என்றார்.

மனைவி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. "அவ சந்தோசமா இருக்கா" என்று நான் மொழிபெயர்த்தேன்.

"அது எனக்கே கேக்குது மச்சான்" என்றாள்.

பரீட்சை முடிவு, இதை எழுதுகிற இன்றைய தேதிவரை வரவில்லை. வரும். தேர்வு நடத்துகிறவர்களுக்கும் அவர்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது தடங்கல் இருக்கும், நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அதற்காக அவள் காத்துக்கொண்டு உட்காரவில்லை. அன்றைக்கே தோள்பையிலிருந்து தடியாக ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து நீட்டினாள். இதற்கு அடுத்த நிலைப் பரீட்சைக்கு உரியது, இருபத்தாறு பாடம். என் மனைவி அதை வாங்கி, நடுவில் கட்டைவிரலை விட்டுப் பிரித்து, கீழ்ப்பாதியை என் மடியில் வைத்தாள்.

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. வீரபாண்டி தாண்டுவதற்குள், என் வாயில் நுழையாத சொற்கள் பதினொன்றுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தேன்.